எந்த வயலுக்கு இந்த நெல்?

ஒரு நெல் ரகத்தை நல்ல ரகம் என்று யாராவது சொன்னால், எந்த வயலுக்கு, எந்தப் பட்டத்துக்கு என்று கேட்காமல் நம்பக் கூடாது. 1966இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐஆர் 8 இதற்குப் பழைய சாட்சி. இந்தோனேசியாவின் உயரமான பீட்டா ரகத்தையும் தைவானின் குட்டையான டீ-ஜியோ-வூ-ஜென் ரகத்தையும் கலந்து பிறந்தது அது. தண்டு குட்டையாக இருந்ததால் தழைச்சத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் சாயவில்லை. பாசனமும் வடிகாலும் கைக்குள் இருந்த நிலங்களில் அதுவரை காணாத விளைச்சலைத் தந்தது. அதே ரகத்தின் அரிசி வயிற்று வெண்மையால் (மணியின் நடுவில் தெரியும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி) அரைவையில் நொறுங்கியது; பாக்டீரியா இலைக்கருகலுக்கும் துங்ரோ என்ற வைரஸ் நோய்க்கும் எளிதில் இரையானது; நீர் ஆழமாகத் தேங்கும் பள்ளக்கால்களில் அதன் குட்டை உடம்பே அதற்குப் பகையானது.

தோற்றுப்போன ரகங்களின் கதைகளைப் புரட்டினால் ஒரு காரணம் திரும்பத் திரும்ப வரும். மட்டம் சீரான, நீருக்கும் உரத்துக்கும் குறைவில்லாத ஆராய்ச்சிப் பண்ணையில் தேர்ந்தெடுத்துவிட்டு, மேடும் பள்ளமுமான வயலுக்கு விதையை அனுப்பியிருப்பார்கள். எதை எதோடு கலந்தோம் என்பதைவிட, எந்த நிலையில் வைத்துத் தேர்ந்தெடுத்தோம் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

வயலை அளந்த பிறகே கலப்பு

வெள்ளம் தாங்கும் ரகம் வேண்டும் என்று மட்டும் சொன்னால் அது இலக்கே ஆகாது. நெல்லுக்கு வெள்ளம் குறைந்தது நான்கு விதமாக வரும். விதைத்த கையோடு வயல் மூழ்கி முளைப்பு கெடலாம். நட்ட பயிர் ஒன்றிரண்டு வாரம் முழுவதுமாக நீருக்குள் கிடக்கலாம். முழங்கால் அளவு நீர் மாதக்கணக்கில் வடியாமல் நிற்கலாம். நீர்மட்டம் மெல்ல ஏறி ஆள் உயரத்தையும் தாண்டலாம். நான்கிலும் செடி செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. முதலாவதில் ஆக்சிஜன் இல்லாமலே விதையின் மாவுச்சத்தை உடைத்து முளை மேலே வர வேண்டும். மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் என்ற நாட்டு ரகம் இதைச் செய்கிறது. இரண்டாவதில் செடி வளராமல் அடங்கிக் கிடக்க வேண்டும். நான்காவதில் அதற்கு நேர் எதிர்: ஆழ்நீர் நெல் நாளொன்றுக்கு 20 முதல் 25 செ.மீ. வரை நீண்டு, இலையை நீருக்கு மேலே வைத்திருக்கிறது. அடங்கிக் கிடக்கும் குணத்தை ஆழ்நீர் வயலுக்குக் கொண்டுபோனால் பயிர் அடங்கியபடியே அழுகிவிடும்.

ஆகவே கலப்புக்கு முன்பு சேகரிக்க வேண்டியவை இவை: நீர் எந்த வாரத்தில், எவ்வளவு ஆழம், எத்தனை நாள், உப்பு இருந்தால் பயிரின் எந்தப் பருவத்தில், என்ன அளவு, மண்ணின் கார அமில நிலை, பயிர் வைப்பது நடவா, நேரடி விதைப்பா, அறுவடை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், அடுத்த பயிர் என்ன. இப்போது எந்த ரகம் பயிராகிறது, அதை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியும் இதில் சேரும். அதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

வயது விஷயத்தில் நடக்கும் பிழை தனி. நீர்ப்பிடிப்புள்ள தாழ்நிலங்களில் பகல்நேரம் குறைந்தால் மட்டுமே பூக்கும் ரகங்கள் நெடுங்காலமாக நின்று வந்திருக்கின்றன. மழை முந்தினாலும் பிந்தினாலும், விதைப்பு எந்த வாரத்தில் நடந்தாலும், நீர் வடியும் காலத்தில்தான் அவை கதிர் தள்ளும். அந்த நிலத்துக்கு 110 நாள் ரகத்தைக் கொடுத்தால் தேங்கிய நீரிலேயே முற்றி நிற்கும். அறுக்க ஆள் இறங்க முடியாது. பாசன நிலத்தில் நிலைமை தலைகீழ். பகல்நேரத்தைப் பொருட்படுத்தாத குறுகிய வயது ரகம் இருந்தால்தான் ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் எடுக்க முடியும்.

விதை உறக்கமும், அதாவது முற்றிய விதை உடனே முளைக்காமல் இருக்கும் குணமும், அப்படித்தான். அறுவடை நேரத்தில் மழை பெய்யும் இடத்தில் இரண்டு மூன்று வாரமாவது உறக்கம் இல்லாத ரகம் கதிரிலேயே முளைத்துவிடும். அறுத்த விதையை உடனே அடுத்த போகத்துக்குப் போடும் இடத்தில் நீண்ட உறக்கம் தொல்லை.

ஒரே குணம் சேர்ப்பதா, புதிதாகவே செய்வதா

இலக்கு தெளிவானதும் இரண்டு வழிகள் தெரியும். உழவர்கள் ஏற்கெனவே விரும்பும் ரகத்தில் இல்லாத ஒரே ஒரு குணத்தை மட்டும் சேர்ப்பது ஒன்று. இரண்டு மூன்று பெற்றோரைக் கலந்து புதிய செடி அமைப்பையே தேடுவது மற்றொன்று.

முதல் வழிக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, மூழ்கினாலும் பிழைக்கவைக்கும் சப்1 என்ற மரபணுப் பகுதி. ஒடிசாவின் நாட்டு நெல்லில் இருந்து தேர்ந்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகம் முழுதாக மூழ்கினாலும் பிழைக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததே. அதைச் சாதாரணமாகக் கலந்தபோது தாங்குதிறனோடு அதன் குறைந்த விளைச்சலும் மோசமான அரிசித் தரமும் ஒட்டிக்கொண்டு வந்தன. 1996இல் அந்தக் குணம் 9ஆம் குரோமோசோமில் இருக்கும் இடம் கண்டறியப்பட்டது. 2006இல் அதற்குக் காரணமான சப்1ஏ மரபணு அடையாளம் காணப்பட்டது. டிஎன்ஏ குறியீடுகளின் (மரபணு இருக்கும் இடத்தைக் காட்டும் டிஎன்ஏ அடையாளங்கள்) துணையோடு, பரவலாகப் பயிரான சுவர்ணா ரகத்துக்குள் அந்தத் துண்டை மட்டும் நுழைத்தார்கள். சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009இல் வெளியானது.

இந்த மரபணு செய்வது என்ன? நீருக்குள் மூழ்கிய செடியில் எத்திலீன் என்ற வாயு சேர்கிறது. அது ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தூண்ட, சாதாரண நெல் மேலே வர முயன்று வேகமாக நீள்கிறது. கையிருப்பு மாவுச்சத்து முழுவதையும் அதிலேயே கரைத்துவிடுகிறது. நீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் மடிகிறது. சப்1ஏ அந்த நீட்சியைத் தடுக்கிறது. சர்க்கரை மிச்சமாகிறது, வளர்நுனி உயிரோடு இருக்கிறது, நீர் வடிந்தபின் புது இலை வருகிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் வரை இது தாங்கும்.

எங்கே தாங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கலங்கல் நீரில் ஒளியும் கரியமில வாயுவும் இலைக்கு எட்டுவதில்லை, சேறு படிகிறது. அங்கே நாள் கணக்கு குறையும். முளைக்கும் பருவத்து வெள்ளத்துக்கு இந்த மரபணு உதவாது. அரை மீட்டர் நீர் மாதக்கணக்கில் நிற்கும் வயலில், குட்டையான சப்1 ரகங்கள் தூர் கட்டாமல் மெலிந்துபோகின்றன. வெள்ளத்துக்குச் சற்று முன்பு யூரியா போட்ட பயிரும், மிக இளம் நாற்றாக நட்ட பயிரும் அதிகம் சாகும். நீர் வடிந்து ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, புது இலை தெரிந்தபின் தழைச்சத்து இடுவதுதான் பலன் தரும்.

விரும்பிய ரகத்துக்குள் ஒரு துண்டை மட்டும் நுழைக்கும் முறைக்குப் பிற்கலப்பு என்று பெயர். முதல் கலப்பில் வந்த செடியை மீண்டும் விரும்பிய ரகத்தோடு கலக்க, அந்த ரகத்தின் பங்கு சராசரியாக 75 சதவீதமாகிறது, அடுத்ததில் 87.5, மூன்றாவதில் 93.75. இவை சராசரிகள்தான். ஒரே கலப்பின் 100 நாற்றுகளில் சில அதைவிடக் கூடுதலாகவே மூல ரகத்தை ஒத்திருக்கும். நாற்றுப் பருவத்திலேயே இலைத்துண்டு எடுத்துச் சோதித்து, வேண்டிய மரபணு இருப்பவற்றை முதலில் பிரிக்கிறார்கள். அவற்றில் அந்த மரபணுவின் இரு பக்கமும் ஒட்டிவரும் அந்நியத் துண்டு குறுகியிருப்பவை எவை, மீதிக் குரோமோசோம்கள் மூல ரகத்தோடு பொருந்துபவை எவை என்று அடுத்தடுத்து வடிகட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆறு பிற்கலப்புக்குப் பதில் இரண்டு மூன்றிலேயே முடிகிறது.

குறியீடு இல்லாமல் திண்டாடும் இடம் ஒடுங்கு மரபணுக்கள், அதாவது இரு பிரதியும் இருந்தால் மட்டுமே குணத்தைக் காட்டுபவை. பாக்டீரியா இலைக்கருகலை எதிர்க்கும் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 இரண்டும் ஒடுங்கு வகை. ஒரு பிரதி மட்டும் உள்ள செடியில் நோய் வழக்கம்போலத் தாக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு பிற்கலப்புக்குப் பிறகும் ஒரு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை விட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2008இல் வெளியான மேம்பட்ட சம்பா மசூரியில் இவ்விரண்டோடு, காட்டு நெல்லில் இருந்து வந்த எக்ஸ்ஏ21ஐயும் சேர்த்தார்கள். மூன்றையும் ஒன்றாக அடுக்கியதற்குக் காரணம் உண்டு. ஒற்றை மரபணு எதிர்ப்பைப் பூச்சியும் நோயும் சீக்கிரம் உடைத்துவிடுகின்றன. புகையான் பூச்சியை எதிர்க்கும் பிபிஎச்1 என்ற ஒரே மரபணுவோடு 1973இல் வந்த ஐஆர் 26, சில ஆண்டுகளிலேயே அந்த எதிர்ப்பை இழந்தது.

உப்பும் வறட்சியும்: பருவம் தவறினால் எல்லாம் தவறும்

நெல்லில், மண்ணின் உப்பு அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் விளைச்சல் இறங்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய 12 சதவீதம் போகிறது. ஆனால் பயிர் எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. முளைப்பில் தாங்கும், நாற்றில் தாங்காது; தூர் கட்டும்போது ஓரளவு தாங்கும், பூக்கும்போது மீண்டும் தாங்காது. கேரளத்தின் பொக்காளி நெல்லில் இருந்து எடுத்த சால்டால் என்னும் மரபணுப் பகுதி சோடியத்தை மட்டுப்படுத்தி நாற்றைக் காப்பாற்றுகிறது. நடவின்போது உப்பு மிகுந்து பின்னர் மழையில் கழுவப்படும் கடலோர நிலத்துக்கு அது சரி. கோடைப் பட்டத்தில் நீர் வற்ற வற்ற, பூக்கும் நேரத்தில் உப்பு ஏறும் நிலத்துக்கு அது மட்டும் போதாது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் உப்பு தாங்கும் விதை என்று சீட்டு ஒட்டினால் உழவருக்குக் கிடைப்பது பதர். களர் நிலம் இன்னொரு கதை. அங்கே கார அமில நிலை 8.5ஐத் தாண்டும், துத்தநாகம் பயிருக்கு எட்டாது. உவர் தாங்கும் ரகம் களரில் தானாகத் தாங்கிவிடாது.

வறட்சியில் பல ஆண்டுகள் வேர் ஆழம், இலை சுருளல் போன்ற குணங்களைத் துரத்தினார்கள். விளைச்சல் பெரிதாக நகரவில்லை. உண்மையிலேயே நீரை நிறுத்தி, அந்த வயலில் எடுத்த நெல்லை நிறுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகே வழி திறந்தது. 2010இல் இந்தியாவில் வெளியான ‘சஹபாகி தான்’ என்ற நெல் இந்த அணுகுமுறையில் வந்த ரகம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நட்டு 30 நாளில் நீரை வடித்துவிட்டால், முந்திப் பூக்கும் வரிசைகள் (சோதனையில் இருக்கும் கலப்புச் சந்ததிகள்) வறட்சி முற்றும் முன்பே தப்பித்து முதலிடம் பிடிக்கும். தாங்கியது வேறு, தப்பியது வேறு. ஒரே வாரத்தில் பூக்கும் வரிசைகளைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து, அந்தத் தொகுதிக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒரு பகுதியில் நீர் விட்டும், மறுபகுதியில் விடாமலும் வளர்த்து, இரண்டிலும் சோடை போகாதவற்றையே எடுக்கிறார்கள். நல்ல மழை ஆண்டில் விளைச்சல் குறைந்தால் அந்த ரகத்தை யாரும் மறுபடி விதைக்க மாட்டார்கள்.

குட்டை ரகங்கள் ஏன் வறட்சியில் துவண்டன என்பதற்கு ஓரளவு விடையும் கிடைத்திருக்கிறது. வறட்சியில் விளைச்சல் தரும் ஒரு மரபணுப் பகுதி, 1ஆம் குரோமோசோமில் குட்டைத் தன்மையைத் தரும் எஸ்டி1க்கு அருகிலேயே அமர்ந்திருக்கிறது. தாங்குதிறன் தரும் வடிவம் உயரமான செடியோடு ஒட்டியிருந்ததால், குட்டைச் செடிகளை மட்டுமே பொறுக்கிய காலத்தில் அது தெரியாமலே வெளியேறியது. பெரிய எண்ணிக்கையில் சந்ததிகளை வளர்த்து இந்த ஒட்டை இப்போது உடைத்திருக்கிறார்கள்.

கலப்பும் எண்ணிக்கையும்

நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். இயற்கையான அயல்கலப்பு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் இரு ரகங்களைக் கலப்பதைக் கையால்தான் செய்ய வேண்டும். இரு பெற்றோரும் ஒன்றாகப் பூக்க, வாரம் பத்து நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை விதைக்கிறார்கள். பெண் செடியில் பாதி வெளிவந்த கதிரை எடுத்து, ஏற்கெனவே பூத்த மேல் பூக்களையும் மிக இளசான கீழ்ப் பூக்களையும் கிள்ளிவிட்டு, மறுநாள் பூக்கப்போகும் நடுப் பூக்களை மட்டும் விடுகிறார்கள். மாலையில் ஒவ்வொன்றின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாகக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியாலோ உறிஞ்சு குழாயாலோ எடுத்து, கண்ணாடித்தாள் உறை மாட்டுகிறார்கள். மறுநாள் காலை ஒன்பதரைக்கு மேல் ஆண் கதிர் விரியும்போது மகரந்தத்தைத் தூவ வேண்டும். மகரந்தம் சில நிமிடங்களில் செத்துவிடும். ஆண் கதிரை வெட்டி எடுத்துக்கொண்டு வயலின் மறுகோடி வரை நடந்தால் வேலை வீண். ஒரு மகரந்தப்பை தப்பினாலும் விளைவது தன் மகரந்தத்திலேயே பிடித்த மணி. அதனால் முதல் தலைமுறைச் செடிகள் உண்மையான கலப்பினமா என்று குறியீட்டாலோ புறத்தோற்றத்தாலோ உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இரண்டாம் தலைமுறையில் எத்தனை செடி வளர்ப்பது என்பது கணக்கு. மூன்று மரபணுக்கள் மூன்றும் வேண்டிய தூய வடிவில் ஒரே செடியில் சேரும் வாய்ப்பு 64இல் 1. அப்படி ஒன்றாவது கிடைக்கும் என்று 95 சதவீதம் நம்பிக்கை வேண்டுமானால் 191 செடிகள் தேவை. ஐந்து மரபணு என்றால் 1024இல் 1. ஏறக்குறைய 3,070 செடிகள். எல்லா நல்ல குணமும் ஒரே கலப்பில் வேண்டும் என்ற ஆசை இங்கேதான் உடைகிறது.

இந்தத் தலைமுறையில் உயரம், வயது, நோய் எதிர்ப்பு, செடியின் நிற்பு ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தனிச்செடியின் விளைச்சலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண்வேலை. பக்கத்துக் குத்து செத்துப்போன இடத்தில் நிற்கும் செடி இரண்டு மடங்கு தூர் கட்டும். அது அதன் மரபின் பெருமை அல்ல. கலப்புத்தன்மை (ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் வேறு வேறாக இருக்கும் நிலை) இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம் இருந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகி, ஆறாவதில் 3 சதவீதமாகிறது. அதன்பிறகே விளைச்சல் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. இந்தத் தலைமுறைகளைச் சிறு தட்டுகளில் நெருக்கி வளர்த்து, ஆண்டுக்கு மூன்று நான்காகக் கடத்தும் முறை இப்போது பரவலாகியிருக்கிறது.

விளைச்சல் திடல்களில் பிழை பெரும்பாலும் சில்லறை விஷயங்களில் நுழைகிறது. திடலின் ஓரத்துச் செடிகளுக்கு வெளிச்சம் கூடுதல். அவற்றையும் சேர்த்து அறுத்தால் கணக்கு ஊதும். ஒப்பீட்டு ரகம் உழவர் இன்று பயிரிடும் ரகமாக இருக்க வேண்டும். பழைய, தளர்ந்த ரகத்தை வைத்தால் எந்த வரிசையும் வென்றுவிடும். ஈரப்பதத்தைத் திருத்தாமல் ஒப்பிடுவதும் உண்டு. 10 சதுர மீட்டரில் 20 சதவீத ஈரத்தோடு 6 கிலோ கிடைத்தால், 14 சதவீதத்துக்கு மாற்ற 6ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் வகுக்க வேண்டும். வருவது 5.58 கிலோ, ஹெக்டேருக்கு 5.58 டன். திருத்தாவிட்டால் 6 டன். பிந்தி முற்றிய, ஈரம் மிகுந்த வரிசை இப்படித்தான் பொய்யாக முன்னுக்கு வருகிறது. பல இடங்களில், குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

சட்டியிலும் வைக்கோற்போரிலும்

அரிசி மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ் 20 முதல் 25 சதவீதம் இருந்தால் சோறு உதிராகவும் மென்மையாகவும் இருக்கும். 25ஐத் தாண்டினால் ஆறியதும் விறைக்கும். 20க்குக் கீழே ஒட்டும். எது சரி என்பது உண்பவரைப் பொறுத்தது. வேகும் வெப்பநிலையை அறிய, ஆறு அரிசியை 1.7 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 23 மணி நேரம் ஊறவைத்து எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறார்கள். முழு அரிசி குறைந்து நொய் கூடினால் ஆலைக்காரர் வாங்க மாட்டார். வயலில் எவ்வளவு விளைந்தும் பயனில்லை.

இத்தகைய மறுப்புகளை முன்கூட்டியே அறிய, ஆறு முதல் பத்து வரிசைகளை ஓர் உழவரின் வயலில் தாய்த் திடலாக வைத்து, ஊரின் மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு வரிசைகளின் விதையை மட்டும் சேய்த் திடலாகக் கொடுக்கிறார்கள். அவர்கள் தங்கள் ரகத்துக்குப் பக்கத்தில், தங்கள் வழக்கப்படியே வளர்க்க வேண்டும். விதையோடு இலவச உரமும் கொடுப்பது நல்லெண்ணம்தான். ஆனால் சோதனை அதோடு கெட்டுவிடும். முற்றும் பருவத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே தேர்வுச் சீட்டுப் போடுவது அவசியம். கதிரடிக்க வராத இறுகிய மணி, மாடு தின்னாத வைக்கோல், அறுக்கும்போதே உதிரும் நெல் எல்லாம் அங்கேதான் வெளிப்படும். விஞ்ஞானியின் குறிப்பேட்டில் இவற்றுக்குப் பத்தியே இருக்காது.

விதையாக மாறும்போது

வெளியீட்டுக்குப் பின் சில நூறு கதிர்களைத் தனித்தனி வரிசையாக விதைத்து, மாறுபட்ட வரிசையை முழுதாக நீக்கி, மீதியைச் சேர்த்துக் கருவிதை எடுக்கிறார்கள். அதிலிருந்து அடுத்தடுத்துப் பெருக்கி எடுப்பவை வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை. நெல்லில் ஒரு கிலோ ஏறக்குறைய நூறு கிலோவாகப் பெருகுவதால் மூன்று நான்கு போகத்தில் பெரும் பரப்புக்கு விதை கிடைத்துவிடும். பக்கத்து ரகத்தில் இருந்து 3 மீட்டர் இடைவெளி போதும். கலப்பு பெரும்பாலும் மகரந்தத்தால் வருவதில்லை; முந்தைய போகத்தில் உதிர்ந்து முளைத்த தான்தோன்றி நெல்லாலும், சுத்தம் செய்யாத அறுவடை இயந்திரத்தாலும் வருகிறது. முன்பே நீர் கட்டி, உதிர்ந்ததை முளைக்கவைத்து உழுத பிறகு நடுவதும், பூக்கும் முன்பும், பூத்தபோதும், அறுவடைக்கு முன்பும் கலவன் (வேற்று ரகச் செடி) பிடுங்குவதும் வழக்கம்.

பிற்கலப்பில் வந்த ரகங்களுக்கு மட்டும் இந்தக் கண் பார்வை உதவாது. புதியதும் மூலமும் உயரம், வயது, இலை எல்லாவற்றிலும் ஒன்று. சுவர்ணாவின் உமி பொன்னிறம், சுவர்ணா-சப்1இன் உமி வைக்கோல் நிறம். மரபணுவோடு ஒட்டிவந்த துண்டு கொடுத்த தற்செயலான அடையாளம் அது. அப்படி அடையாளம் வாய்க்காத ரகங்களில் ஒவ்வொரு விதைக் குவியலிலும் நாற்று வளர்த்து டிஎன்ஏ சோதனை செய்தாக வேண்டும். ஒரு சதவீதம் கலந்திருந்தாலும் அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்க ஏறக்குறைய 300 நாற்றுகள் வேண்டும்.